பாட்டனுக்குப் பட்டு உடுத்துகிறவர்கள்

நம்மவர்களுக்குப் பாட்டன் என்று ஒருவன் இருந்தால் அவன் மிராசுதாராகவோ, திவானுக்கு வேண்டியவனாகவோ, போனால் போகிறது, ஊருக்கு ஒரு சத்திரமாவது கட்டிவைத்த தர்மிஷ்டனாகவோ இருந்தாக வேண்டும். வெறும் மனிதனாக இருந்துவிடக் கூடாது. மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் குடும்பத்தார் அச்சடித்து விநியோகிக்கிற மலர்களைப் புரட்டிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். எழுதுகிறவன் என்று தெரிந்து, 'நடையைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் சார்' என்று இந்த மலர்களின் கைப்பிரதியை என்னிடம் கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டனார் தினந்தோறும் நூறு பேருக்கு அன்னதானம் செய்கிறார். இத்தனை வீட்டுப் பாட்டன்மாரும் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள் என்றால், அந்த இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் யாருடைய பாட்டன்மார்? அவர்கள் எல்லாரும் சந்ததியற்றுப் போய்விட்டார்களா?

உள்ளூர்ப் பெருமையாக இருக்கிறவரையில் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். என்னைப் பேனா எடுக்க வைத்தது வேறு விஷயம். இந்த வியாதியை நாம் கடல் கடந்தும் ஏற்றுமதி செய்ய ஆரம்பித்துவிட்டோம். அதுவும் யாருக்கு? தங்கள் பாட்டன் யார் என்பதற்கு நம்மில் ஒருவரிடமும் இல்லாத ருசுவைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கு!

தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என்று ஒரு பிரதேசம். காந்தியடிகளின் சுயசரிதையைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானதுதான். 1860-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து அங்கே புறப்பட்டது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கரையிலிருந்து மசூலாப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய்த் தூரத்தில் நிற்கும் கப்பலில் ஏற்றுவார்கள். அப்படி ஏறிய 342 பேர் நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் இறங்கினார்கள். வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. அன்றிலிருந்து 1911-இல் இந்த ஆள் ஏற்றுமதி நிற்கும் வரைக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தார், தமிழரும் தெலுங்கரும். வட ஆர்க்காட்டிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 1876-இல் ஆரம்பித்து இரண்டு வருஷம் அந்த ஜில்லாக்களைக் காய வைத்த பஞ்சம். ஆள் பிடிக்கிறவனுக்கு அப்போது அதிகம் பேச வேண்டியிருந்திருக்காது. சோறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். கப்பலுக்கு ஒரு பட்டியல். ஆளுக்கு ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். குமாஸ்தா தன் காதில் விழுந்ததை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருக்கிறான். அதனால் ஊர்ப் பெயர்கள் பல, நாக்கைச் சுளுக்குகிற மாதிரி கிடக்கின்றன. பெயர் சரியாக இருந்தாலும் லேசில் அகப்படாது. ஒரே ஜில்லாவில் எத்தனை புதூர்கள்! ஆனால் வரி இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே தழும்பு, புருவத்தில் வெட்டு, இத்தனை அடி இத்தனை அங்குலம் என்று இருக்கிறது. ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடிப்பதற்காக எழுதியது; இன்றைக்குக் கொள்ளுப்பேரன் அதை வைத்துக்கொண்டு தன் பாட்டனைக் கண்டுபிடிக்கிறான்.

என் பாட்டனாருக்கு முன்னால் இருந்த பாட்டனாரின் உயரம் என்ன என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அன்னதானம் செய்தார் என்று மட்டும் தெரியும்!

நடுவில் வெகு காலம் அவர்களால் இங்கே வந்து தேட முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்து 1946-இல் இந்தியா வியாபாரத் தொடர்பை முறித்துக்கொண்டது. மறுபடியும் தூதரக உறவு ஏற்பட்டது 1993-இல்தான். அதற்குப் பிறகு பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு டாக்ஸி அமர்த்திக்கொண்டு ஆரணிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் அலைகிறவர்களைப் பார்க்கிறோம். இப்போது பட்டியலைக் கணினியிலேயே தேடலாம் என்பதால் தேடுகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். தேடி முடித்ததும் குடும்ப சரித்திரம் எழுதுகிறார்கள். அங்கேதான் நாம் உள்ளே நுழைகிறோம், பட்டுவேஷ்டியோடு.

'கூலி என்று போடாதீர்கள், வியாபாரத்துக்குப் போனார் என்று போடுங்கள்.' 'சுயமாகப் போனார் என்றால் நன்றாக இருக்காது. ஏமாற்றிக் கடத்திக்கொண்டு போனார்கள் என்று எழுதுங்கள்.' 'சாதியை விட்டுவிடுங்கள், அல்லது கொஞ்சம்...' கொஞ்சம் என்பதற்குப் பிறகு கையை மேலே தூக்கிக் காட்டுவார்கள்.

முதலில் இந்தக் 'கூலி'யைப் பார்ப்போம். நம் பாஷையில் கூலி என்றால் உழைத்ததற்குக் கொடுக்கிற பணம். நேட்டாலில் அது மனிதனுக்கே பெயராகிவிட்டது. தோட்டத்தில் வெட்டுகிறவன் மட்டுமல்ல, இந்தியாவிலிருந்து போன அத்தனை பேரும் கூலிதான். காந்தியே 'கூலி பாரிஸ்டர்'. இன்னொரு பெயரும் உண்டு, 'சாமி' என்று. முனுசாமி, ராமசாமி என்ற நம் பெயர்களின் வாலைப் பிடித்து வெள்ளைக்காரன் செய்த கேலி அது. சாமி என்றால் எஜமானன் என்று அர்த்தம் ஆயிற்றே என்று தைரியசாலிகள் சிலர் பதில் சொல்வார்களாம், காந்தி எழுதியிருக்கிறார். அப்போதே பட்டு உடுத்துகிறவர்களும் இருந்திருக்கிறார்கள். கூலி என்று அழைக்கப்படாமல் தப்புவதற்காக முஸ்லிம் வியாபாரிகள் தங்களை 'அராபியர்' என்று சொல்லிக்கொண்டார்கள். பார்சி குமாஸ்தாக்கள் 'பாரசீகர்' ஆனார்கள். இதையும் அவரே எழுதியிருக்கிறார். எல்லாரும் ஆளுக்கொரு தேசத்துக்கு ஓடிய பிறகு, கூலி என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு நின்றவன் நம் தமிழன்.

அவன் என்ன செய்தான் என்று வெட்கப்பட வேண்டும்? முதல் வருஷத்தில் மாதம் 10 ஷில்லிங் சம்பளம்; அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு. வாரத்தில் ஆறு நாள் வேலை. சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. ஒப்பந்தம் முடிந்து சொந்தமாகக் காய்கறி பயிரிட்டுத் தலையெடுத்தால், அதுவும் பொறுக்கவில்லை. 1895-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி ஒப்பந்தம் முடிந்தவன் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது மறுபடியும் ஒப்பந்தத்தில் விழ வேண்டும். இரண்டும் மாட்டேன் என்றால் தலைக்கு வருஷம் 3 பவுன் வரி. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். பத்து ஷில்லிங் கணக்கில் ஆறு மாதச் சம்பளம்! பிற்பாடு இந்த வரியைப் பிள்ளைகள் தலையிலும் வைத்தார்கள். பதினாறு வயதுப் பையனுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் வரி.

1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி காந்தியிடம் வந்தார். எஜமானன் அடித்ததில் முன்பற்கள் உடைந்து வாயில் ரத்தம். துணி கிழிந்திருந்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரன் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது அங்கே பழக்கம். வக்கீல் முன்னாலும் அப்படியே நின்றுவிட்டார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். இந்தப் பாலசுந்தரத்துக்குச் சந்ததி இருந்து, குடும்ப மலர் போட்டால் நம் ஆலோசனை என்னவாக இருக்கும்? பல் உடைந்ததை எடுத்துவிடுங்கள் என்போம். காந்தியோடு நெருங்கிப் பழகியவர் என்று எழுதச் சொல்வோம்!

தியாகி என்று முத்திரை விழுந்துவிட்டால் மட்டும் நமக்குச் சங்கடம் இல்லை. தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். அந்த வரியையும் அநியாயச் சட்டங்களையும் எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22-இல், பதினாறு வயதில் உயிர் விட்டாள். அவள் பெயரில் தில்லையாடியில் நினைவு மண்டபம் இருக்கிறது. எழும்பூரில் மாளிகை இருக்கிறது. இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் 1913-இல் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலையை நிறுத்திவிட்டு நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் யார்? பட்டியலில் வெறும் எண்களாக இருக்கிறவர்கள். அவர்கள் நின்றதனால்தான் அடுத்த வருஷம் அந்த வரி தொலைந்தது. அவர்களுடைய பேரன் வந்து, 'எங்கள் பாட்டன் கரும்பு வெட்டினவர்' என்று சொன்னால் நாம் நாற்காலியில் நெளிகிறோம்.

என் தொழிலையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ராஜேந்திர சோழனின் கப்பல் கடாரத்துக்குப் போன கதையை எத்தனை முறை எழுதினாலும் நம் வாசகர்களுக்கு அலுப்பதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் போன அந்தக் கப்பலில் இருந்த ஒவ்வொரு வீரனும் நமக்குப் பாட்டன். நூற்றறுபத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இதே சென்னைக் கரையிலிருந்து போன ட்ரூரோவில் இருந்தவன் மட்டும் யாரோ! பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்று எழுதினார். வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சோழக் கப்பல்களின் எண்ணிக்கைக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

'ஏமாற்றிக் கொண்டுபோனார்கள்' என்கிற அலங்காரத்தையும் பார்ப்போம். ஏமாற்றியது உண்டு. போகிற இடம் எது, எத்தனை தூரம் என்று தெரியாமல் ரேகை வைத்தவர்கள் உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அத்தனை பேரும் மயக்க மருந்து கொடுத்துத் தூக்கிப் போகப்பட்டவர்கள் என்று ஏன் எழுத வேண்டும்? கிராமத்தில் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது, மிராசுதாரிடம் பட்ட கடன் மூன்று தலைமுறைக்கும் தீராது. இப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவன் தானே தீர்மானித்து ஒரு நாள் இரவு நடந்து சென்னைக்கு வந்து கப்பலேறினான் என்றால், அதுதான் அவன் ஜீவிதத்தில் அவனாகச் செய்த பெரிய காரியம். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பி வந்து பார்த்துவிட்டு, மறுபடியும் கப்பலேறிப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களை இரண்டாம் தடவை யார் ஏமாற்றியது? கடத்தல் கதை நமக்கு ஏன் பிடிக்கிறது என்றால், அதில் வில்லன் வெளியூர்க்காரன். அவனே போனான் என்று ஒப்புக்கொண்டால், எதை விட்டுப் போனான் என்ற கேள்வி வரும். அது நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

பெண்கள் விஷயத்தில் மை இன்னும் தாராளமாக ஓடுகிறது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது போக வேண்டும் என்று விதி இருந்ததால், தனியாக வந்த பெண்களையும் ஏற்றினார்கள். விதவைகள், புருஷனால் தள்ளப்பட்டவர்கள், பஞ்சத்தில் குடும்பத்தையே பறிகொடுத்தவர்கள், இடுப்பில் குழந்தையோடு வந்தவர்கள். 'கொள்ளுப்பாட்டி தனியாக வந்தாள் என்று பட்டியலில் இருக்கிறதே, என்ன செய்வது?' என்று ஒரு குடும்பத்தார் என்னிடம் கேட்டார்கள். என்ன செய்வது? விழுந்து கும்பிடுவதுதான் செய்ய வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஏழைத் தமிழ்ப் பெண்ணின் பெயரைத் தனி வரியில், தனி எண் போட்டு, அவள் தகப்பன் பெயரோடும் ஊரோடும் எழுதி வைத்த வேறு காகிதம் ஒன்றை எனக்குக் காட்டுங்கள். நம் வம்சாவளிகளில் பெண்களுக்குப் பெயரே கிடையாது. 'இன்னாருக்கு மூன்று குமாரர்கள்' என்று இருக்கும். அந்த மூவரையும் வேப்பமரம் காய்த்ததோ என்னவோ.

சில வருஷங்களுக்கு முன் டர்பனிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தெரிந்தவர் ஒருவர் மூலமாக என்னிடம் வந்தார். கையில் கொள்ளுப்பாட்டனின் வரி. குமாஸ்தாவின் எழுத்துக்களை வாய்விட்டுப் பலவிதமாக உச்சரித்துப் பார்த்து, பழைய தாலுகாப் பெயரோடு பொருத்தி, ஒரு வழியாக ஊரைக் கண்டுபிடித்துப் போனோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் வெகு மரியாதையாக வரவேற்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். காகிதத்தைப் பார்த்தார். சாதி என்ற கட்டத்தில் அவர் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம் சொன்னார்:

"இதையெல்லாம் புஸ்தகத்துல போடாதீங்கம்மா. எங்க தெருவிலேருந்து போனாருன்னே எழுதிக்குங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அந்த அம்மாளுக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெரியவரைப் பார்த்துத் தம் தமிழிலேயே பதில் சொன்னார்: "ஐயா, வருஷா வருஷம் அவருக்குப் படையல் போடறோம். பேரு மாத்திப் போட்டா அவரு சாப்பிட வருவாரா?"

இளநீருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஏரிக்கரைக்கு அப்பால் இருந்த அந்த இன்னொரு தெருவுக்கு நடந்தார். அங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை.

அந்தப் பெரியவர் கெட்டவர் அல்ல. தம் தெருவையே தானமாகக் கொடுக்க முன்வந்தவர்! தாம் ஓர் உபகாரம் செய்கிறோம் என்றுதான் அவர் மனப்பூர்வமாக நினைத்தார். அதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மனிதன் இந்தத் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடந்திருக்க முடியாது. உயிரோடு இருந்தபோது உள்ளே விடாத தெருவில், செத்த பிறகு குடியேற்றுகிறோம். அதுவும் அவன் அவனாக அல்ல. நம்மில் ஒருவனாக மாறிக்கொண்டால் மட்டும்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது, எனக்குத் தெரியும். 'அவர்களே கப்பலில் சாதியை மாற்றிக்கொண்டு போனவர்கள்தானே? நேட்டாலில் பாதிப் பேர் கவுண்டர் என்றும் முதலியார் என்றும் பிள்ளை என்றும் பெயரின் பின்னால் சேர்த்துக்கொண்டார்களே, அதை மட்டும் ஏன் கேட்கவில்லை?' என்பார்கள். பாதி என்பது மிகை. ஆனால் மாற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள். கப்பலில் எல்லாருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பந்தி, வாரக்கணக்கில் கடல். சாதி அங்கே கரையத்தான் செய்யும். வடக்கத்தியார் ஒரே கப்பலில் வந்தவனை 'ஜஹாஜி பாயி' என்பார்கள், கப்பல் சகோதரன் என்று அர்த்தம். அந்த உறவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். இஸிபிங்கோ மாரியம்மன் கோயிலில் இன்றைக்கும் பெரிய வெள்ளிக்கிழமையை ஒட்டித் திருவிழா நடக்கிறது. தோட்டத்தில் வேலைசெய்கிறவனுக்கு லீவு கிடைக்கிற நாளில்தானே அம்மன் வர முடியும்? அம்மனே இடத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டாள்; மனிதன் மாறியதில் என்ன குற்றம்?

முதுகில் விழுகிற அடியிலிருந்து தப்ப ஒருவன் பெயரை மாற்றிக்கொள்வது ஒன்று. அடியே படாத பேரனிடம் போய், கல்யாண மண்டபத்தில் எடுப்பாக இருக்கும் என்பதற்காகப் பாட்டன் பெயரை மாற்று என்று சொல்வது வேறொன்று. முன்னவன் தன்னுடையதை மாற்றினான். பின்னவன் பிறனுடையதை மாற்றுகிறான். நாவலில் நான் ஒரு பாத்திரத்தை என் இஷ்டத்துக்கு ஜமீன்தாராக்கலாம். அவன் நான் பெற்றவன். பட்டியலில் இருக்கிறவனை நாம் பெறவில்லை. அவன்தான் நம்மைப் பெற்றவன்.

ஆகவே டர்பனிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அந்த வரியை அப்படியே அச்சுப் போடுங்கள். எண், உயரம், தழும்பு, சாதி, தப்பும் தவறுமான ஊர்ப் பெயர், எல்லாவற்றையும். குமாஸ்தாவின் தப்பைக்கூடத் திருத்த வேண்டாம், பக்கத்தில் சரியானதைப் போட்டால் போதும். உள்ளூரில் நடை திருத்தித் தருகிறேன் என்று எங்களைப் போன்றவர்கள் வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

அந்த ஆசிரியை அம்மாளின் புத்தகம் போன வருஷம் தபாலில் வந்தது. சிறிய புத்தகம்தான், படம் அதிகம் இல்லை. முதல் பக்கத்தில் பட்டியலின் அந்த வரி இருக்கிறது, சாதிக் கட்டத்தில் எழுதியிருந்தது எழுதியிருந்தபடி. கூடவே இன்னொரு பிரதியும் இருந்தது, ஊர்ப் பெரியவரிடம் சேர்ப்பித்துவிடும்படி ஒரு சீட்டுடன். கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். "நான் சொன்னதை அந்தம்மா கேக்கலே பாத்தீங்களா?" என்றார் என்னிடம், நிஜமான வருத்தத்தோடு.